கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை மணி

நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கிரிவலப் பாதையில் தள்ளுவண்டி வைத்து மணிமாலை விற்றே கூரை வீட்டை மாடி வீடாக்கினேன். இரண்டு மகள்களைக் கட்டிக் கொடுத்தேன். அடி அண்ணாமலையில் பன்னிரண்டு வீட்டுப் பெண்களுக்கு மாலை கோக்கும் வேலை கொடுத்தேன். கை கொடுக்க ஒரு ஆள் கிடையாது, வழிவிடாமல் மறிக்கத்தான் ஆள் இருந்தது.

அப்படி வந்தவன் யாரை நம்புவான்? கண்ணாடி மணியைத் தராசில் நிறுத்துக் கொடுப்பேன். மாலையாகத் திரும்பி வரும்போது மறுபடி நிறுப்பேன். அப்படியும் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கொஞ்சம் குறையும். கேட்டால் உருண்டு போய்விட்டது என்பார்கள். உருண்டு எங்கே போகும்? வேறு வண்டிக்கு மாலையாகத்தான் போகும் என்று எனக்குப் பட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வேலை செய்தேன். சிவப்பு மாலையில், கொக்கிக்குப் பக்கத்தில், ஒரே ஒரு பச்சை மணி கோக்கச் சொன்னேன். கை பழகிவிட்டால் திருட்டு மாலையிலும் தங்களை மறந்து அதைக் கோத்துவிடுவார்கள், பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. பெண்கள் காரணம் கேட்டார்கள். "திருஷ்டிக்கும்மா" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன்.

வருஷம் திரும்புவதற்குள் பாதையோரம் ஒரு கூடையில் பச்சை மணி வைத்த மாலைகளைப் பார்த்தேன். விற்றுக்கொண்டிருந்தவள் என்னிடம் கோப்பவர்களிலேயே கெட்டிக்காரி.

"யாரு மணிம்மா இது?"

"என் மணிண்ணே. கடையில வாங்கினது."

"அப்போ பச்சை எப்படி வந்துச்சு?"

"நீங்கதான திருஷ்டிக்குனு சொன்னீங்க? நானும் வர்றவங்ககிட்ட அதையே சொன்னேன். இப்ப பச்சை இல்லன்னா தொட்டுக்கூடப் பாக்க மாட்டேங்கறாங்க. இன்னாண்ணே, என்னையும் தராசுல ஏத்தணுமா?"

பக்கத்துப் பூக்காரி சிரித்துவிட்டாள். நான் மாலையை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். மணி சின்னது, துளை பெரிது. என்னுடையது இல்லை. இருந்தாலும், என் மணியை விற்று இதை வாங்கியிருந்தால்? அன்றோடு அவளுக்கு வேலை கொடுப்பதை நிறுத்தினேன்.

"நல்லா கோக்கற கையைத் துரத்திட்டீங்க. இனிமே தராசையே கோக்கச் சொல்லுங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வேங்கிக்காலில் மகளிர் குழுக்களின் கண்காட்சி நடந்தது. அதில் ஒரு குழுவுக்குத் தலைவி, நான் வேலையை விட்டு நிறுத்திய அவள்தான். மேசைமேல் என் மாலை. மேலே போர்டு: பரம்பரை பரம்பரையாக வரும் திருஷ்டி மணி மாலை.

எந்தப் பரம்பரை? அது என் வீட்டுக் கூடத்தில், என் மூளையில் பிறந்தது.

"போர்டுல என்னைப் பத்தி ஒரு வரி எழுதும்மா" என்றேன்.

"இன்னான்னு எழுதறது? எங்க மேல சந்தேகப்பட்டு வச்ச மணின்னா? அப்புறம் யாருண்ணே வாங்குவாங்க? இந்தாங்க, டீ சாப்பிடுங்க."

வாயை அடைக்கத்தான் டீ என்று தெரிந்தேதான் குடித்தேன். வியாபாரம் கெட்டுவிடும் என்பது சாக்கு. பெயரைத் தானே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

திருஷ்டி என்று நான் சொன்னது பொய். அதை எத்தனை பேர் எதிரிலும் ஒப்புக்கொள்கிறேன். சந்தேகத்தில் வைத்த மணி என்றே எழுதிக்கொள்ளட்டும், எனக்கு வெட்கமில்லை. ஆனால் அதை முதலில் வைத்தவன் இந்த ஊர்த் தள்ளுவண்டிக்காரன் என்று அந்தப் போர்டில் எழுதியாக வேண்டும்.