வெனிசுக்கு இரண்டு பேர் மட்டும்

விமான டிக்கெட் விற்பது, தான் போகாத ஊருக்கு மற்றவனை அனுப்பிவிட்டு, அவன் திரும்பி வந்து திட்டுவதைக் கதிரையில் இருந்தபடி கேட்கிற தொழில். லண்டன் ஈஸ்ட் ஹாமில், முன்பாதியில் போன் கார்ட்டும் பின்பாதியில் டிக்கெட்டும் விற்ற ஒரு கடையின் பின்பாதியில் நான் அதைக் கனகாலம் செய்தேன். எல்லாரும் இன்டர்நெட்டில் தாங்களே டிக்கெட் போடத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்திய காலம். உங்களில் யாராவது எங்கள் ஆக்களுக்கு ஒரு பயணம் ஒழுங்கு செய்து கொடுத்திருந்தால், குறைந்தது கோயில் திருநாளுக்கு ஒரு வான் வண்டி பிடித்தாவது கொடுத்திருந்தால், கிட்ட வந்து இருங்கள். உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் விளங்கும். ஒரு புதுச் சோடியை, இரண்டே இரண்டு பேரை, இத்தாலிக்கு அனுப்ப நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் தண்ணீர் விடாய்க்கிறது.

எங்கட ஆக்கள் இல்லாத ஊர்

பக்கத்துப் பிளேஸ்டோவிலிருந்து ஜூட் என்றொரு பெடியன் மனைவியோடு வந்தான். அவள் பெயர் ஜெனிற்றா, மன்னார்ப் பிள்ளை. கலியாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல், ஆனாலும் இன்னும் புதுச் சோடிதான். வீட்டில் மேலே இரண்டு அறை. ஒன்றில் ஜூட்டின் தாய் திரேசம்மா, மற்றதில் அவவின் தம்பி சூசையும் பெண்சாதியும். புதுச் சோடிக்குக் கீழே முன்னறை, இழுத்தால் கட்டிலாகிற சோபா. டிவியும் அதற்குள்தான். திரேசம்மாவின் நாடகம் முடிந்து, சூசையின் பந்தடி முடிந்து, அதற்குப் பிறகுதான் சோபா கட்டிலாகும். குசினிக்குப் போகிறவர்களும் அதற்குள்ளால்தான் போக வேண்டும். அந்த முன்னறையால் போய்வருகிற சனத்தைப் பார்த்துவிட்டு, கவுன்சில் அங்கே ஒரு பஸ் தரிப்பு வைக்க யோசித்ததாகக் கேள்வி.

"ஐயா, ஒரு நாலு நாள். எங்கட ஆக்கள் இல்லாத ஊராய்ச் சொல்லுங்கோ," என்றான் ஜூட். நான் சுவரில் இருந்த ஐரோப்பா வரைபடத்தில் விரலை வைத்தேன். பாரிஸ்? சித்தி இருக்கிறா. சூரிச்? ஒன்றுவிட்ட அண்ணை. ஒஸ்லோ? மூன்று பேர். விரலை அப்படியே இறக்கி இத்தாலிக்குக் கொண்டுவந்து, "பலேர்மோ?" என்றேன். "ஐயோ, அங்க எனக்குப் படிப்பிச்ச ரீச்சரே இருக்கிறா," என்றாள் ஜெனிற்றா. கடைசியில் வெனிசில் விரல் நின்றது. இத்தாலிப் பக்கம் நான் தலை வைத்தும் படுத்ததில்லை. ஆனாலும் வள்ளம், பாலம், ஜன்னலுக்குக் கீழே பாட்டுக்காரன் என்று, வெனிசில் பிறந்து வளர்ந்தவன் மாதிரி எடுத்துவிட்டேன். ஜூட் விலை கேட்டான். ஜெனிற்றா கேட்டது ஒன்றுதான்: "அங்கிள், அந்த அறைக்கதவை உள்ளுக்கால பூட்ட ஏலுமோ?"

ஒரு 'ம்'

அடுத்த கிழமை சூசை வந்தான். ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு மாறினவன், கார்ப்பெட் போடுகிற வேலை. "அண்ணை, அதுகள் ரெண்டும் சின்னப் பிள்ளையள். ஐரோப்பா எனக்கு உள்ளங்கை," என்று என் பேனையை எடுத்து, என் கலண்டரின் பின்பக்கத்திலேயே கீறத் தொடங்கினான். தன் கார்ப்பெட் வான் வண்டியில் ரோட்டால் போகலாமாம். டோவரில் கப்பல், பெல்ஜியத்தில் சாப்பாடு, டோர்ட்முண்டில் மச்சான் வீட்டில் படுக்கை, சுவிசில் தங்கச்சி வீட்டில் குளிப்பு. டிக்கெட் விற்கிறவனிடம் வந்து டிக்கெட் வேண்டாம் என்று படம் கீறிக் காட்டுகிற ஆட்களை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

வெனிசுக்குள் வான் போகாது, ரோட்டெல்லாம் தண்ணீர் என்றேன். நம்பிக்கை வரட்டும் என்று, போன வருஷம் காரோடு போன ஒரு லிவர்பூல்காரன் திரும்பி வர வழியில்லாமல் இன்றைக்கும் அங்கே மீன் பிடித்துச் சீவிக்கிறான் என்றும் சேர்த்துக்கொண்டேன். சூசை யோசித்தான். "அப்ப வான் வேண்டாம் அண்ணை. பிளேனிலயே வாறம்," என்றான். வாறன் இல்லை, வாறம், குடும்பத்தோடு. அந்தக் கடைசி 'ம்' எனக்குள் ஆணி மாதிரி இறங்கியது. "தம்பி சூசை, இது ஹனிமூன்," என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பேனையை மூடித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவன் சொன்னான்: "மூன் எண்டால் நிலவுதானே அண்ணை. அது எல்லாருக்கும் பொது."

தண்ணீர்ப் பயம்

சூசைக்குப் பின்னால், தானும் வாறன் என்று திரேசம்மா வந்தா. 'பிள்ளைகளைத் தனிய விடுங்கோ' என்று நேரே சொல்லலாமே என்பீர்கள். பெற்ற மகன் ஜூட்டுக்கே அதைச் சொல்ல வாய் வரவில்லை. தாய் கடைக்குள் வந்தால் அவன் போன் கார்ட் பக்கம் போய், வாங்காத கார்ட்டெல்லாம் வாசிப்பான். ஆகையால் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினேன்.

"அம்மா, வெனிசில தண்ணி வீட்டுக்குள்ள வரும். இரவில கட்டிலைச் சுவரோட கயித்தால கட்டித்தான் படுக்கிறவை. கட்ட மறந்த ஒரு பெல்ஜியத்துக் கிழவி, விடிய எழும்பிப் பார்த்தால் குரோஷியாவில நிண்டவவாம்." திரேசம்மா ஒரு சொல்லும் விடாமல் கேட்டா. கேட்டுவிட்டுக் கைப்பையை மடியில் வைத்தபடி சொன்னா: "அண்ணை, நான் குருநகரில கடலுக்கும் கோயிலுக்கும் நடுவில பிறந்தவள். ஆருக்குத் தண்ணி காட்டுறியள்?"

வரைபடத்தில் இல்லாத ஊர்

போகிற போக்கில் திரேசம்மா ஒன்று கேட்டா. "அண்ணை, உந்த வெனிசுக்குக் கிட்டவோ பதுவை?" நான் சைவக்காரன் என்றாலும், 'பதுவைப் பதியரே' என்று அந்தோனியாரைக் கும்பிடுவது தெரியும். அவரின் நாக்கு இன்றைக்கும் அழியாமல் பதுவைக் கோயிலில் இருக்கிறது என்பதும், அந்த ஊர் வெனிசிலிருந்து ரயிலில் ஒரு எட்டு என்பதும் தெரியும். தெரியும் என்று சொன்னால் பிளேஸ்டோ முழுக்க வெளிக்கிட்டு விடும். "பதுவை எண்டு இத்தாலியில ஒரு ஸ்டேஷனும் இல்லை அம்மா. வேணுமெண்டால் தேடிப் பாருங்கோ," என்று வரைபடத்தையே கழற்றிக் கொடுத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த ஊர்க்காரரும் என் வரைபடமும் அதைப் பாதோவா என்கிறார்கள். தமிழ்க் கத்தோலிக்கரைத் தவிர உலகத்தில் ஒருத்தரும் பதுவை என்பதில்லை. திரேசம்மா கண்ணாடியைப் போட்டு, அல்ப்ஸ் மலை தொடக்கம் சிசிலி வரைக்கும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனா. நான் அன்றைக்கு நிம்மதியாக ஒரு தேத்தண்ணி குடித்தேன்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு, திங்கட்கிழமை கடை திறக்க முந்தியே வாசலில் நிற்கிறா. அந்தோனியாருக்கு நேர்த்தியும் வைத்து, பூசை வைத்த சுவாமியிடம் ஊரையும் கேட்டிருக்கிறா. அவர் என் வரைபடத்திலேயே பேனையால் வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார். வட்டத்தை என் மேசையில் விரித்து வைத்துவிட்டுத் திரேசம்மா சொன்னது, சொல்லுக்குச் சொல் இதுதான்: "காணாமல் போன சாமானைக் கண்டுபிடிச்சுத் தாறவர் அந்தோனியார். நீங்கள் ஒளிச்சு வைச்ச ஊரையே கண்டுபிடிச்சுத் தந்திட்டார்."

ஒரே அறை

ஆக, ஐந்து பேர். வெனிசில் அறை போட வேண்டும். எப்படியாவது அந்தச் சோடிக்கு ஒரு தனி அறை, முடிந்தால் வேறு ஹொட்டேலில், அதுவும் முடிந்தால் வேறு தீவில் போட்டுவிட வேண்டும் என்று நான் கம்ப்யூட்டரில் மினக்கெட்டுக்கொண்டிருக்க, திரேசம்மா கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டா. "உதெல்லாம் வேண்டாம் அண்ணை. குடும்ப அறை ஒண்டு பெரிசாய் எடுங்கோ. ஒண்டாய்க் கிடந்திட்டு ஒண்டாய் எழும்பலாம்."

"அம்மா, புதுசாய்க் கலியாணம் செய்த பிள்ளைகள்," என்றேன். "அதுதான் சொல்லுறன். நானும் சூசையின்ர பெண்சாதியும் சுவர்ப்பக்கம். சூசை கதவடி. பிள்ளையள் ரெண்டும் நடுவில." ஜூட் போன் கார்ட் பக்கம் போய்விட்டான். ஜெனிற்றா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளையின் நாலு நாளும் என் கண்ணுக்கு முன்னால் கரைந்து போகிறது. தனி அறை எடுத்தால் என்ன குறை என்று நான் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். திரேசம்மாவுக்குக் கோபம் வரவில்லை. உண்மையான கரிசனையோடு என்னைப் பார்த்துச் சொன்னா: "புது இடம் அண்ணை. பிள்ளையள் தனியப் பயப்பிடுவினம்."

குரோய்டன்

டிக்கெட் உறுதி செய்கிற நாள் ஐந்து பேரும் வந்து நின்றார்கள். மற்ற நால்வரிடமும் ஐரோப்பியச் சிவப்புப் பாஸ்போர்ட், விசா தேவையில்லை. ஜெனிற்றாவுடையது இலங்கைப் பாஸ்போர்ட். இத்தாலி விசாவுக்குப் போடச் சொல்லி அதை அவளே போன கிழமை என்னிடம் தந்திருந்தாள். என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. நான் வாய் திறக்க முந்தி அவள் சொன்னாள்: "மாமி, எனக்கு வர ஏலாது. என்ர பாஸ்போர்ட் குரோய்டன் ஒபிசில. இஞ்சத்தை விசா நீடிக்கக் குடுத்தது, இன்னும் வரேல்லை. அங்கிளுக்குத் தெரியும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். ஐம்பது வருஷமாகப் பொய் சொல்லித் தேறின கிழவன், பிள்ளைகளே, அந்தப் பார்வைக்கு முன்னால் பாலர் வகுப்பில் இருந்தேன்.

லாச்சியை முழங்காலால் தள்ளி மூடிவிட்டு, ஓம் என்றேன். ஓமோடு நிறுத்தத் தெரிந்தால் நான் வேறு தொழிலுக்குப் போயிருப்பேன். குரோய்டனில் பாஸ்போர்ட்டுகள் மலையாய்க் குவிந்து, அந்தப் பாரத்தில் கட்டடம் ஒரு பக்கம் சரிந்து, ட்ராம் ஓடாமல் நிற்கிறது என்று தொடங்கினேன். சூசை முகத்தைச் சுளித்தான். "நேற்று நான் அந்த ட்ராமிலதானே வந்தனான்." திரேசம்மா, "அப்ப பிறகொருக்கால் எல்லாருமாய்ப் போவம்," என்றா. எல்லாம் போச்சென்று நினைத்தேன். ஜெனிற்றா மாமியின் கையைப் பிடித்தாள். "வேண்டாம் மாமி. நேர்த்தி வைச்சிட்டியள். அந்தோனியாரைக் காக்க வைக்கிறது சரியில்லை. இவர் மட்டும் என்னோட நிக்கட்டும். எனக்குத் தனியப் பயம்." தன் வாயால் வந்த காரணத்தைத் திரேசம்மாவால் தள்ள முடியவில்லை. மூன்று டிக்கெட் அடித்தேன். எல்லாரும் வெளியே போக, ஜெனிற்றா பின்தங்கி லாச்சிக்கு நேரே கை நீட்டினாள். பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மெதுவாய்ச் சொன்னாள்: "அங்கிள், பொய்யெண்டால் ஒண்டு போதும். கூடச் சொன்னால் ஆக்கள் எண்ணத் தொடங்கிவிடுவினம்."

போன் எடுக்காத வீடு

அவர்கள் போன மறுநாள் கடைக்குப் போன். பதுவையிலிருந்து சூசை. பீட்சாவில் உறைப்பில்லை, குடும்ப அறையில் கதவடிக் கட்டில் குட்டை, தன் கால் வெளியே நிற்கிறது, இதற்கெல்லாம் நான்தான் பொறுப்பு. என் நாக்குக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தியாயிற்றாம், திரேசம்மா சொல்லச் சொன்னாவாம். "அதை விடுங்கோ அண்ணை. வீட்டில ஒருத்தரும் போன் எடுக்கினமில்லை. அக்கா அழுறா. ஒருக்காப் போய்ப் பாருங்கோ." டிக்கெட் விற்றவன் வீடு காக்கவும் வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ தெரியாது. கடையைப் பூட்டிவிட்டு, முழங்கால் நோவோடு பிளேஸ்டோவுக்கு நடந்தேன்.

நடுப்பகல். முன்னறைத் திரைச்சீலை இழுத்து மூடிக் கிடக்கிறது. உள்ளே ரேடியோ பாடுகிறது, மீன் பொரிக்கிற வாசம் வருகிறது, ஒரு பெண்பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்கிறது. பெல்லை அடித்தேன். சிரிப்பு நின்றது. திரும்பவும் அடித்தேன். கதவில் கடிதம் போடுகிற ஓட்டையின் மூடி மெல்லத் திறந்தது. "ஆர்?" என்றது ஜூட்டின் குரல். டிக்கெட் கடை ஐயா என்றேன், பதுவையிலிருந்து தேடுகிறார்கள், உயிரோடு இருக்கிறீர்களா என்றேன். உள்ளே குசுகுசுப்பு. பிறகு அதே ஓட்டையால் ஜெனிற்றாவின் குரல் வந்தது: "அங்கிள், நாங்கள் வெனிசில நிக்கிறம். திரும்பி வந்தாப்பிறகு வாங்கோ."

அத்தனை வருஷத் தொழிலில், போன ஊரைப் பற்றி என்னிடம் ஒரு குறையும் சொல்லாத வாடிக்கையாளர் அந்த இரண்டு பேர்தான், அவர்களுக்கு நான் ஒரு டிக்கெட்கூட விற்கவில்லை.