கம்பியில்லாத சில்லு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கம்பிக்காரி என்று பெயர். தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தால் ஒரு பிளவு இருக்குமே, அவள் வளர்க்கும் கம்பியின் தடிமன் அவ்வளவுதான். உலைக்குள் வாயுவை விட்டு, நகமளவு சில்லின் மேல் அவற்றைப் புல் போல முளைக்க வைப்பாள். மின்சாரம் கொடுத்தால் அவை ஒளிவிட வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும். "வீட்டுக் குழாய் ஒழுகுது, இந்தம்மா கண்ணுக்குத் தெரியாத கம்பிக்கு விளக்கேத்தப் போறாங்க" என்று கணவன் கேலி செய்வான்.

ஒருநாள் ஏற்றியே விட்டாள். நுண்ணோக்கியின் கீழே நீலமாக மினுங்கியது. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை, பார்த்தவரிடமெல்லாம் சொல்லிவிட்டார். கம்பி முளைக்காத வெறும் சில்லையும் சோதித்த பிறகே வாயைத் திறக்க வேண்டும் என்பது இந்த வேலையில் பாலபாடம். சந்தோஷத்தில் அதை விட்டுவிட்டாள். எல்லோரும் போன பிறகு சோதித்தாள். அதுவும் நீலமாக மினுங்கித் தொலைத்தது! ஒளி கம்பியிலிருந்து வரவில்லை, சில்லின் மேல் பூசியிருந்த படலத்திலிருந்து வந்திருக்கிறது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் பாராட்டுக் கூட்டம் வைத்துவிட்டார்கள். அதன் பிறகு சொல்ல இன்னும் வெட்கமாக இருந்தது. வெறும் சில்லைத் தன் இழுப்பறைக்குள் தள்ளினாள்.

பிறகு ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். அதே கம்பியைச் சாதாரணக் கண்ணாடியில் வளர்ப்பது அவள் வேலை. கம்பி அழகாக முளைத்தது. ஒளி வரவில்லை. எப்படி வரும்? கண்ணாடியில் அந்தப் படலமே இல்லையே.

"அக்கா, நான் எங்க தப்பு பண்றேன்?"

"சூட்டைக் கொஞ்சம் கூட்டிப் பாரு."

தெரிந்தே சொன்னாள். அடுத்த வாரம் "குறைச்சுப் பாரு" என்றாள். வெட்கம் கெட்டவள் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டு என்ன பயன்? அந்தப் பெண்தான் ராப்பகலாக உலையோடு மல்லுக்கட்டினாள்.

கடைசியில் பேராசிரியர் கையை விரித்துவிட்டார். "உனக்குக் கை வரலைம்மா. இந்த மாசத்தோட நின்னுக்கோ."

அந்தப் பெண் மறுபேச்சு பேசாமல் மேஜையைக் காலி செய்யத் தொடங்கினாள். கம்பிக்காரிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இழுப்பறையிலிருந்த வெறும் சில்லை எடுத்து வந்து, இருவர் கண்முன்னேயே சோதனைக் கருவியின் ஊசிமுனைகளுக்கடியில் வைத்து மின்சாரத்தைக் கொடுத்தாள். நுண்ணோக்கியின் திரையில் நீலம் தெரிந்தது.

பேராசிரியர் முகம் மலர்ந்தது. "பாத்தியாம்மா? அக்கா கை பட்டா எப்படி எரியுது!"

"இதுல கம்பியே இல்ல சார்."

கம்பிக்காரி தலைகுனிந்தபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பேராசிரியர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அந்தப் பெண் மட்டும் அருகே வந்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்க்கா?"

இன்றைக்குத்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நீ இங்க சேர்றதுக்கு முன்னாடியே" என்றாள்.