ஐந்து நாள் ஆறாம் வகுப்பில்

சம்பளம் போதாத குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் பெயரில் ஜெர்மன் அரசு கொடுக்கும் மேலதிகக் காசுக்குக் கிண்டர்சூஷ்லாக் என்று பெயர். ஹம் நகரில் பொதி அடுக்கும் எனக்கு அது கிடைக்கும் என்று தெரியும். மூன்று வருடம் நான் கேட்கவில்லை.

காரணம் கேவலமானது. எங்கள் ஆட்களுக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பவர் கோயிலில் நிற்கும் ஓர் அண்ணை.

"அவரிட்டக் குடுங்கோவன்" என்றாள் மனைவி.

"குடுத்தால் வெள்ளிக்கிழமைப் பூசை முடிய முதல் என்ரை சம்பளம் எல்லாருக்கும் தெரிஞ்சிடும். விசர்க் கதை கதையாதை."

"தெரிஞ்சால் குறைஞ்சிடுமோ? குறையிறதுக்கு அதிலை என்ன கிடக்கு?"

எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும் கிண்டர்கெல்ட்டை வாங்க எனக்கு வெட்கமில்லை. அதையும் வீட்டுக்குக் கொடுக்கவில்லை. மகள் பெரியபிள்ளையானதும் செய்யும் சாமத்திய வீட்டுக்குப் பெரிய மண்டபம் பிடிக்க வேண்டுமென்று மாதாமாதம் சீட்டில் கட்டினேன். அவள் கால் கடிக்கும் பழைய சப்பாத்தோடு பனிக்குள் போனாள்.

அவளுடைய ஏழாம் வகுப்பில், பள்ளியிலிருந்து கடற்கரைக்கு ஐந்து நாள் பயணம் வந்தது. யாரோடு ஒரே அறையில் படுப்பது என்றுகூடத் தோழிகளோடு பேசி வைத்திருந்தாள். நான் காசு கட்டவில்லை. ஆசிரியை என்னையும் மகளையும் கூப்பிட்டு, ஜெர்மன் மொழியில் மெதுவாகச் சொன்னார்: கிண்டர்சூஷ்லாக் எடுப்பவர்களுக்கு இந்தச் செலவை அரசே கொடுக்கும், நீங்கள் எடுக்கிறீர்களா?

எனக்கு விளங்கியது. மகளிடம் தமிழில் சொன்னேன். "காசுப் பிரச்சினை இல்லை எண்டு சொல்லு. உனக்குப் போக விருப்பமில்லை எண்டு சொல்லு."

என்னைப் பார்த்தாள். பிறகு அப்படியே சொன்னாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

பயணம் போகாத பிள்ளை வேறொரு வகுப்பில் இருக்க வேண்டும். இவளை ஆறாம் வகுப்பின் கடைசி வாங்கில் இருத்தினார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, "சின்னப் பிள்ளையள் கேக்குதுகள் அப்பா, உன்னை வகுப்பு இறக்கிப்போட்டினமோ எண்டு" என்றாள்.

அன்றே விண்ணப்பத்தை எடுத்தேன். அண்ணை தேவைப்படவில்லை. மகளே நிரப்பினாள். சம்பளத்தை எழுதும்போது அவள் தலை நிமிரவில்லை.

"அப்பா, விண்ணப்பிச்ச மாசத்திலையிருந்துதானாம் தருவினம்."

"ஓம்."

"அப்ப முந்தினது?"

"அது போயிட்டுது."

தாளை என் பக்கம் தள்ளினாள்.

"இதிலை கையெழுத்துப் போடுங்கோ."