வாசல் மணியில் இஸ்னார்தி

இத்தாலியின் மொந்தோவி ஊரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற தூல்லியோ பொத்தேரோவுக்கும் அவர் மனைவி எர்மினாவுக்கும் ஆயுள் முழுக்க ஒரே சண்டைதான்: யார் குடும்பப்பெயர் உசத்தி? கல்யாணமானாலும் பிறந்த வீட்டுப் பெயரை விடாத பெண்கள் அந்த ஊர்க்காரிகள். அதனால் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்வாசலில் அவர்கள் வீட்டு மணிக்குப் பக்கத்தில் பொத்தேரோ, இஸ்னார்தி என்று இரண்டு பெயர்களும் இருந்தன.

எர்மினா இஸ்னார்தி சந்தையில் பாலாடைக்கட்டி விற்றவள். வாய்க்கு வாய் தன் பெயரின் பெருமைதான். ஒரு காலத்தில் மலை தாண்டி வந்த ஜெர்மானியக் கூட்டத்தாரின் பெயராம். முன்பாதிக்கு இரும்பு என்று பொருள், பின்பாதிக்கு உறுதி.

"இரும்புய்யா நாங்க! சும்மாவா?" என்பாள்.

"ஆமாடி, இரும்புதான். என் தலையில வந்து விழுந்தப்பவே தெரிஞ்சுது!" என்பார் அவர்.

அந்த இரும்பு இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் காய்ச்சலில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, பிள்ளையும் இல்லை. கல்லறையை விட்டால் அந்தப் பெயர் ஊரில் மிச்சமிருந்தது வாசல் மணியில் மட்டும்தான். தூல்லியோ இன்றைக்கும் சோளக்களி கிண்டினால் இரண்டு பேருக்குக் கிண்டிவிடுவார். பிறகு ஒரு வாய் இறங்காது. வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் அவள் பெயரை விரலால் தொட்டுவிட்டுத்தான் மாடியேறுவார். அவள் இல்லாத வீட்டுக்குள் நுழைய அந்த மனிதருக்கு அது ஒரு துணை.

இந்த வசந்தத்தில் கட்டடத்துக்குப் புது மணிப்பலகை வந்தது. வீட்டுக்கு ஒரு பெயர்தான் கொள்ளும். எந்தப் பெயர் என்று கேட்டுப்போக வந்தவள் கீழ்வீட்டு நீவெஸ். வாயாடிதான், ஆனால் ஞாயிறு தவறாமல் அவருக்குச் சூப் கொண்டுவந்து கொடுப்பவள்.

"பொத்தேரோன்னு போட்டுறலாமா அண்ணே?"

"ரெண்டும் வேணும்."

"ரெண்டுக்கு எடமில்லையே. அதுவுமில்லாம, போனவங்களுக்கு எதுக்கு மணி? யாரு வந்து அழுத்தப் போறா?"

தூல்லியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீவெஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. நரம்பில்லாத நாக்கு, எதையாவது சொல்லிடுது."

"இஸ்னார்தின்னு போடச் சொல்லு," என்றார் அவர், திரும்பாமலே.

"அப்ப உங்க பேரு?"

"வேணாம்."

"நல்லா இருக்கே கூத்து! காலமெல்லாம் அந்தப் பேரோட மல்லுக்கட்டிட்டு இப்ப அதையே வாசல்ல வைக்கிறீங்களா? உங்களைத் தேடி வர்றவங்க வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"நான் காத்துக்கிட்டு இருக்கறது ஒருத்திக்குத்தான், நீவெஸ். தன் பேரைக் காணோமேன்னு அவ வாசலோட திரும்பிப் போயிடக் கூடாது."