டேங்கில் விட்ட விளக்கெண்ணெய்

என் பழைய மோட்டார்சைக்கிளைப் பார்த்த கடைக்காரர், எஞ்சினின் மேல்பகுதிக்கு எண்ணெய் சரியாக ஏறாது, பெட்ரோலோடு இதைக் கலந்துவிடுங்கள் என்று நேற்று ஒரு சின்னப் போத்தலை நீட்டினார்; மூடியைத் திறந்ததும் அந்தப் பிசுபிசுத்த வாசம் என்னைத் தலவாக்கலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலை வாசலுக்குக் கொண்டுபோய்விட்டது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரான அப்பாவுக்கு இப்படிக் கலக்கும் முறையும் தெரியும், அளவும் தெரியும், எந்த எண்ணெய் என்பது மட்டும் தெரியாது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுக்கும் விளக்கெண்ணெயை அவுன்ஸ் கிளாசில் அளந்து தினமும் தன் மோட்டார்சைக்கிள் டேங்கில் விடுவார். தங்கள் பங்கு குறைகிற மகிழ்ச்சியில் பிள்ளைகள், "இன்னும் ஊத்துங்கய்யா, வண்டிக்கு வயிறு சரியில்ல" என்பார்கள்.

குளிரில் அந்த எண்ணெய் பெட்ரோலோடு சேராமல் அடியில் தங்கிவிட்ட ஒரு காலையில், தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கிலிருந்து தொழிலாளி மாரிமுத்து ஓடிவந்தார். மனைவிக்கு நெடுநேரமாக வலி, பிள்ளை வரவில்லை. அப்பா உதைத்து உதைத்துப் பார்த்தார், வண்டி கிளம்பவில்லை.

"ஏறி ஒக்காருங்கய்யா, நான் தள்ளிக்கிட்டே போயிர்றேன்" என்றார் மாரிமுத்து. உத்தியோகத்தர் தொழிலாளியோடு சேர்ந்து நடப்பது தோட்டத்து வழக்கமில்லை.

"அது கெடக்கட்டும், வாப்பா, ஓடுவோம்" என்று அப்பா பையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறினார்.

தொழிலாளியோடு ஓடியதற்கு விளக்கம் கேட்டு மறுநாள் தோட்ட நிர்வாகியான துரை எழுதினார். நான் பின்னாளில் எழுதிய எந்த அலுவலகப் பதிலையும்விடச் சுருக்கமாக அப்பா எழுதி அனுப்பினார்: "பெண் குழந்தை. ஆறு இறாத்தல். தாய் நலம்."