உறையை எடுக்காத நாய்

தாழ்வுபாட்டுக் கடற்கரையில் காவல் நாய்ப் போட்டிகளுக்கு நாய்களைப் பழக்கும் ஒருவரிடம் என் அல்சேஷனைக் கொண்டுபோயிருந்தேன். மெலிந்த மனிதர். இடது கையில் சாக்கால் தைத்த தடித்த உறை மாட்டியிருப்பார். நாய் அதைக் கவ்வியதும் கொஞ்சநேரம் இழுபறிப்பட்டுவிட்டு, உறையைக் கழற்றி நாய்க்கே விட்டுக்கொடுப்பார். ஒவ்வொரு முறையும் தோற்பதே அவருடைய வழக்கம். வென்ற நாய் உறையைத் தூக்கிக்கொண்டு, காயும் கருவாட்டைச் சுற்றி வாலாட்டியபடி ஓடும்.

என் நாய் பல்லெல்லாம் தெரியப் பாய்ந்து கடித்தது. எனக்கோ பெருமை.

"பரிசு எடுக்கும் என்ன, அண்ணை?"

அவர் உறையைக் கழற்றி விட்டார். நாய் அதை அப்படியே போட்டுவிட்டுப் பின்வாங்கி நின்று குரைத்தது.

"மற்ற நாயள் பிடிக்கிற ஆசையிலை கடிக்குதுகள், தம்பி. அதுகளுக்கு இது விளையாட்டு. உங்கடை நாய் பயத்திலை கடிக்குது. ஆர் இதுக்கு அடிச்சது?"

"ஒருத்தரும் அடிக்கேல்லை," என்றேன். ரோசம் வரட்டும் என்று குட்டியிலிருந்தே கட்டிவைத்து அடித்தவன் நான்தான்.

அவர் குனிந்து, மணலில் கிடந்த உறையை எடுத்தார்.

"போட்டிக்கு வேண்டாம். தலையைத் தடவி வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ."

தடவுவதற்காகக் கையைத் தூக்கினேன். நாய் மணலோடு மணலாகப் படுத்துக் கண்களை இறுக மூடிக்கொண்டது.

நான் கையைத் தூக்குவதற்கு முன்னரே அவர் மறுபக்கம் திரும்பி, உறையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். நாய் என்ன செய்யும் என்று தெரிந்ததால் பார்க்கத் தேவையில்லை என்றா, என்னைப் பார்க்கப் பிடிக்காமலா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.