கங்கப்பனின் மன்றாட்டு

எங்கள் தெருவின் கடைசி வீடு ஆரோக்கியசெல்வியுடையது. பாகலூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் வண்டிகளுக்கு வயர் கட்டுகிற வேலை. நாள் முழுக்க நின்றபடியேதான். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது பையைத் தோளில் மாட்டத் தெம்பில்லாமல் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வருவாள்.

வீட்டுக்காரர் கங்கப்பன் கதக் பக்கத்துக் கன்னடக்காரர். இங்கே ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டி அடுக்குகிறார். கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் வாங்கினார். சகாயநாதன் என்று பெயர் வைத்தார்கள். கோயில் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயர் ஒட்டவில்லை. தமிழும் அப்படித்தான். எல்லையோர ஊர், கடையில் கன்னடம், பஸ்ஸில் கன்னடம், செல்வியும் வீட்டில் கன்னடம். பிறகு தமிழ் எங்கிருந்து வரும்?

தெருவிலுள்ள கோயில் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற எங்கள் அன்பியத்தில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும், வீட்டுக்கு ஒரு வாரம். மாதா வந்து இறங்குகிற சாயங்காலம் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்வோம். முடிவில் அந்த வீட்டு ஆம்பிளை புத்தகம் பார்க்காமல், தன் வாயால் தமிழில் ஒரு மன்றாட்டுச் சொல்ல வேண்டும். யார் வைத்த வழக்கமோ தெரியாது. அதனாலேயே ஒவ்வொரு சுற்றிலும் செல்வியின் வாசலைத் தாண்டி மாதா எதிர்வீட்டுக்குப் போய்விடுவாள்.

"அவருக்கு எதுக்கு சிரமம்? அடுத்த சுத்துல பாத்துக்கலாம்" என்பாள் அன்பியத்தை நடத்துகிற ஜோதிமணி. நல்ல மனசோடுதான் சொல்வாள். செல்வியும் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு கூடவே எதிர்வீட்டுக்கு நடப்பாள்.

இந்த வருஷம் அவள் விடவில்லை.

"என் வீட்டுக்கு வரட்டும்க்கா. அவரு சொல்வாரு."

"சொல்லலைன்னா?"

"அன்னைக்கே மாதாவ நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க."

அன்று முதல் வீட்டில் பாடம் ஆரம்பித்தது. செல்வி படித்தது அஞ்சாவது. எப்படிச் சொல்லிக்கொடுப்பதென்று அவளுக்குத் தெரியாது. மனப்பாடமாகத் தெரிந்தது ஜெபங்கள். அதையே சொல்லிக்கொடுத்தாள். அவள் களி கிண்டுவாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பிச் சொல்வார். ஒரு நாள் அவர் பாதியில் தூங்கிப்போவார். ஒரு நாள் துடுப்பைப் பிடித்தபடியே அவளுக்குக் கண் சொக்கும். "சாகாய்த்து கணே" என்பார். போதும்டி, முடியலை என்று அர்த்தம். அவளுக்கும் முடியவில்லைதான். "இன்னொரு தரம் சொல்லுங்க" என்பாள்.

ஜெபத்தில் வந்த தமிழ்தானே, கடையிலும் அதுதான் வந்தது. மளிகைக்கடை கோவிந்தப்பன் முன்னால் கைகூப்பாத குறையாக நின்று, "கால் கிலோ வெங்காயம் தந்தருளும்" என்றார் கங்கப்பன். கோவிந்தப்பன் தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

"ஏம்ப்பா, என்னைய சாமியாக்கிட்டியே! சாமிகிட்ட கடன் கேக்கக் கூடாது, ஆமா."

தெருப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். செல்வி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்து, "அவரு பேசுறாருல்ல, அது போதும்" என்றாள்.

மாதா வருகிற நாள் வந்தது. லீவு கேட்டிருந்தாள், கிடைக்கவில்லை. அதற்கு மேல், முந்தின ராத்திரி ஷிப்ட்டுக்குப் போனவளை, காலை ஷிப்ட் ஆள் வரவில்லையென்று சாயங்காலம் வரை நிறுத்திவைத்துவிட்டார்கள். நாங்கள் மாதாவைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சுண்டலைக் கங்கப்பனே வேகவைத்திருந்தார். உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஜெபமாலை பாதி ஆகும்போதே செல்வியின் குரல் நின்றுவிட்டது. சுவரில் சாய்ந்து, விரலில் மணி சுற்றியபடி தூங்கிவிட்டாள்.

ஜெபம் முடிந்தது. "சொல்லுங்கண்ணா" என்றாள் ஜோதிமணி.

கங்கப்பன் எழுந்தார். மழைக்காகவும் நாட்டுக்காகவும் ஒரு மன்றாட்டை செல்வி பழக்கியிருந்தாள். அது வரவில்லை. முதல் வார்த்தையாவது எடுத்துக்கொடுப்பாளா என்று அவளைப் பார்த்தார்.

"எழுப்பட்டுமா?" என்றாள் ஜோதிமணி.

வேண்டாம் என்று கையைக் காட்டினார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். எனக்கு மாதாவைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. இந்தத் தடவையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"ஆண்டவரே" என்றார். பிறகு மெதுவாக வந்தது. "செல்விக்கு தூக்கம் தந்தருளும். காலு நோவு எடுத்தருளும். டபுள் ஷிப்ட்டு வேணாம். நானு சோறு ஆக்கும். அவ தூங்கட்டும். உம்மை மன்றாடுகிறோம்."

இதற்குப் பதிலை எப்போதும் தெருவே கேட்கச் சொல்வோம். அன்று ஜோதிமணி வாயில் விரலை வைத்துக் காட்டினாள். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் மூச்சு விடுகிற மாதிரி சொன்னோம்.

செருப்புச் சத்தத்தில்தான் அவள் விழித்தாள். பதறிப்போய், மாதாவை வைத்திருந்த அலமாரியைப் பார்த்தாள். மாதா அங்கேயே இருந்தாள்.

"அக்கா, சொன்னாரா?"

"சொன்னாருடி. நீ படு" என்றாள் ஜோதிமணி.

"காலைல அஞ்சு மணிக்கு பஸ்ஸு இருக்குக்கா" என்று சுவரைப் பிடித்து எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். அங்கே கங்கப்பன் ஏற்கெனவே சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.